எஸ்தர் பார்த்து எடுத்த காமிரா

காக்ஸ் டவுனில் குடியிருந்த எஸ்தருக்கு மார்பில் வந்த புற்று ஈரல்வரை இறங்கிவிட்டது என்று டாக்டர் கையை விரித்த பிறகுதான், அவள் புருஷன் தேவசகாயம் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தார். படம் பிடிக்க ஜூம் காமிரா வாங்க இருவரும் கடைக்குப் போனார்கள்.

"இதுல தூரத்துத் தீவுகூட கிட்ட வருது, எஸ்தரு."

"தீவு கெடக்குதுங்க. என் மூஞ்சி மட்டும் தனியா, தெளிவா விழுமான்னு கேளுங்க."

"எதுக்கும்மா?"

"உங்க அக்கா ஞானம்மா செத்தப்போ, நினைவு அட்டைக்குக் கல்யாணப் படத்துலேர்ந்துதானே வெட்டி எடுத்தீங்க? தோள்மேல யாரோட கையோ இருந்துச்சு. எனக்கு அப்படி வேணாம்."

தேவசகாயம் காமிராவைக் கண்ணில் வைத்து ஜூமை இழுத்தார். ஒட்டிய கன்னம் கிட்டே வந்ததும் காமிராவைக் கீழே இறக்கினார்.

எஸ்தர் கடைக்காரரிடம் திரும்பினாள். "பிலிம் இப்பவே போட்டுடுங்கண்ணா. கப்பல் ஏறுற வரைக்கும் இந்த மூஞ்சியும் இருக்காது."