வேலுமணியைக் கை கழுவிய கதை

நியூஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக் வேலுமணியின் கையில் ரேகை கிடையாது. இருந்ததெல்லாம் சோப்போடு போய்விட்டது. கிரீன் கார்டுக்குக் கைரேகை எடுத்த அதிகாரி, மெஷினை நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு விரல் இருக்கிறதா?" என்றே கேட்டுவிட்டார்.

ஊசி மருந்து தயாரிக்கும் கம்பெனியில், மருந்துக்குள் கிருமி புகாமல் காவல் காப்பது அவர் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி சாந்தாமணி தோசைக் கரண்டியைத் தொடுமுன், "கை?" என்பார்.

"ஏனுங்க, தாலி கட்டறப்பவாச்சும் கேக்காம விட்டீங்களே!"

"கேட்டேன் சாந்தா. மேளச் சத்தத்துல உனக்குக் கேக்கல."

ஜூன் மாதம் நடுஜெர்சி தமிழ் மன்றத்துக்கு அவர் தலைவரானார். பொள்ளாச்சிப் பள்ளிக்கூடத்தில் கிளாஸ் லீடர் பதவி கைநழுவிய நாள் முதல் மனசில் கிடந்த ஆசை. நாற்காலியில் உட்கார்ந்ததும் சட்டம் போட்டார்: கழுவிய கையைத் தலைவரிடம் காட்டினால்தான் சாப்பாட்டுத் தட்டு. சுதந்திர தின விழாவில் பிரியாணி வரிசை, ரூட் எய்ட்டீன் டிராஃபிக்கைத் தோற்கடித்தது. பசியில் நின்றவர்கள் அங்கேயே முடிவு செய்தார்கள். செப்டம்பர் பிக்னிக்கில் ஆளை இறக்கிவிட வேண்டியதுதான். சேதி வேலுமணி காதுக்கும் எட்டியது.

பதவியைக் காப்பாற்ற ஒரு பேச்சுத்தான் மிச்சம். பிக்னிக் நடப்பதோ லாங் பிராஞ்ச் கடற்கரையில். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் உயிர்விட்டது அந்த ஊரில்தான். கால்வாய்ப் படகு இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டிப் பிழைத்து, படித்து மேலே வந்தவர். மார்ச்சில் பதவியேற்று, ஜூலையில் சுடப்பட்டு, செப்டம்பரில் போய்விட்டார். குண்டைவிட, அதைத் தேடிக் காயத்துக்குள் டாக்டர்கள் விட்ட கழுவாத விரல்களே அவரை முடித்தன என்பார்கள். கடற்காற்று பட்டால் தேறுவார் என்று ரயிலில் கொண்டுவந்தார்கள். அதற்காக ஊர்க்காரர்கள் ராவோடு ராவாக அவர் தங்கவிருந்த வீட்டு வாசல் வரைக்கும் தண்டவாளம் போட்டார்கள். இதைப் படித்த வேலுமணி, சொந்தப் பங்காளி போனதுபோல் துக்கப்பட்டு, இதையே பேச்சாக்கினார்.

பிக்னிக்கில் மைக்கைப் பிடித்தார். பேச்சில் தண்டவாளம் வந்த இடத்தில், அவரை இறக்கக் கங்கணம் கட்டியிருந்த செயலாளர் ஜெயகுமாரியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று வேலுமணி குரலை உயர்த்தினார்.

"அந்தத் தலைவரு ஏன் செத்தாரு? டாக்டருங்க கை கழுவல! கழுவியிருந்தா பொழைச்சிருப்பாரு!"

நாகர்கோவில்காரி ஜெயகுமாரி எழுந்தாள். "அப்போ நாங்க உங்களக் கை கழுவினா, நீங்களும் நல்லா இருப்பீங்கல்லா, அண்ணே?"

சிரிப்பில் கடற்பறவைகள் எழும்பி நியூயார்க் பக்கம் போய்விட்டன. அந்தக் களேபரத்தில் வேலுமணிக்கு "கை கழுவ" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படிக் கேளும்மா! கை கழுவச் சம்மதம்கிறவங்க எல்லாரும் கை தூக்குங்க!"

தூக்காத கை இல்லை. கடலில் குளித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள்கூடத் தூக்கினார்கள்.

"மோஷன் பாஸ்!" என்றாள் ஜெயகுமாரி.

சாந்தாமணி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "ஏனுங்க, அவங்க கழுவினது உங்களைத்தானுங்க."

வேலுமணி பொத்தென்று உட்கார்ந்தார். கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். நிமிர்ந்தபோது பிரியாணி அண்டா அருகே ஒருவரும் இல்லை. மொத்தக் கூட்டமும் குழாயடியில் நின்றது. கார்ஃபீல்டின் காயத்தைக் கேட்டபின் வெறுங்கையோடு சோற்றைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஜெயகுமாரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணே, இது போருமா?"

முன்னாள் தலைவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"நகக்கண்ணு?"