தூரமா?

மீசை நரைத்த ஓட்டுநர்தான் முதலில் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பேருந்து நிலையத்து டீக்கடையில் அவரோடு இன்னும் மூன்று ஓட்டுநர்கள் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் குடித்து முடிக்கிறாரோ அவர் வண்டியில்தான் லிஃப்ட் பழுதுபார்க்கும் லிஃப்ட்காரர் ஏறுவார்; மற்ற வண்டிகள் எல்லாம் தள்ளுபடி. நரைத்த மீசைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு நடக்க, தோளில் காக்கிப் பை ஆட லிஃப்ட்காரரும் பின்னாலேயே நடந்தார். வண்டியின் நெற்றியில் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏறி, ஓட்டுநருக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"எங்க போகணும்?" என்றார் நடத்துநர்.

"வண்டி எங்க போகுது?"

"போர்டுல போட்டிருக்கே, பாக்கலையா?"

"பாத்தா யோசனை வந்துடும். கடைசி வரைக்கும் ஒண்ணு குடுங்க."

நடத்துநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சனிக்கிழமைதோறும் யாராவது ஒரு நடத்துநர் இப்படிப் பார்ப்பது வழக்கம்தான். கடைசி வரைக்கும் சீட்டு வாங்கினாலும் கடைசி வரைக்கும் போவார் என்று சொல்ல முடியாது. வழியில் எங்கேயாவது தாளிக்கிற மணம் ஜன்னல் வழியாக வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு தடவை இறங்கிய ஊரில் மறு தடவை இறங்குவதில்லை.

பதினொரு கட்டடங்களில் இருபத்தாறு லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை அவற்றின் தலைமேல் ஏறி நிற்பதும், குழிக்குள் இறங்கிக் குனிவதும்தான் பிழைப்பு. கயிற்றுக்கு எண்ணெய், கதவுச் சக்கரத்துக்கு கிரீஸ், மொட்டைமாடி மோட்டார் அறையில் புறா எச்சம். "வாரம் பூரா மேலயும் கீழயுமாத்தான் போறேன். சனி ஞாயிறாவது பக்கவாட்டுல போகக் கூடாதா?" என்பார். அவர் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதை ஒரு வரமாகவே நினைக்கிறார்.

லிஃப்ட்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவில் வாயை வைத்து அவர் கேட்கும் முதல் கேள்வி, "உள்ள யாருங்க? காலையில என்ன சாப்பிட்டீங்க?" உள்ளே இருப்பவருக்குக் கோபம் வரும். கத்துவார். பிறகு எப்படியோ பதில் சொல்லிவிடுவார். முட்டை, ரொட்டி, நேற்று மிஞ்சிய கறி என்று பேச்சு நீளும்போது இவர் கை கதவைத் திறந்துவிட்டிருக்கும். "சாப்பாட்டப் பத்திப் பேசிக்கிட்டே யாராலயும் பயப்பட முடியாதுங்க" என்பது இருபத்தெட்டு வருட அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே உண்மை.

அந்தப் பழக்கத்தைத்தான் வழியோரச் சாப்பாட்டுக் கடைகளிலும் வைத்துக்கொண்டிருக்கிறார். நுழைந்ததும் கை கழுவும் இடத்தைப் பார்ப்பார். அங்கே சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தால் வந்த வழியே வெளியே. தேறினால், அடுப்பைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொள்வார். பரிமாற வருகிறவர் கையில் மெனு அட்டை இருந்தால் கையால் தடுத்துவிடுவார். "அது இருக்கட்டும். இன்னைக்கு நீங்க என்ன சாப்பிட்டீங்க?" அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் இவருக்கும். ஒரு கடையில், "நான் இன்னும் சாப்பிடலைங்க" என்று பதில் வந்தது. "அப்ப உக்காருங்க, ரெண்டு பேருமா சாப்பிடலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னொரு கடையில் ஒரு அம்மாள் கூசாமல் உண்மையைச் சொன்னார்: "நான் வீட்லேருந்து டப்பா கொண்டு வந்துடுவேங்க." லிஃப்ட்காரர் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

காக்கிப் பையில் என்னென்ன இருக்கும் என்பது அவர் மனைவிக்கு மனப்பாடம். ஒரு துண்டு, மாற்றுச் சட்டை, சொந்தக் கரண்டி, அரை எலுமிச்சம்பழம், போனுக்கு ஒரு பவர் பேங்க், அந்தப் பவர் பேங்க் காலை வாரினால் இன்னொரு பவர் பேங்க். கடைசியாக, காலியான ஓர் எவர்சில்வர் டப்பா. எங்கே எது நன்றாக இருந்தாலும் அவள் பங்கு அந்த டப்பாவில் வீட்டுக்கு வந்துவிடும்.

மனைவி ஒரு மருத்துவமனையின் சமையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வாரம் முழுக்க நோயாளிகளுக்கு உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், காரமில்லாமல் ஆக்கிப் போட்டு நாக்கு பழிவாங்கக் காத்திருக்கும். அவர் இறங்கிய இடத்திலிருந்து போன் செய்து, "இறங்கிட்டேன்" என்பார். "ம்" என்பாள். தட்டில் இருப்பதை நிறம், சூடு, மொறுமொறுப்பு ஒன்றுவிடாமல் விவரிப்பார். அதற்கும் "ம்." கடைசியில் ஒரே ஒரு கேள்வி வரும். "என்ன எண்ணெய்?" டப்பா வீட்டுக்கு வந்ததும் ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு தூக்கல்", "கருக விட்டுட்டான்" என்று தீர்ப்புச் சொல்வாள். அடுத்த புதன்கிழமை அதே பதார்த்தம் அவள் கையால் ஆகி மேஜைக்கு வரும், கடைக்காரனுடையதைவிட நன்றாக. லிஃப்ட்காரர் பாராட்ட மாட்டார். தட்டை வழித்துவிடுவார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் படிக்கிறவர்களுக்கு, அவளும் கூடப் போனால் என்ன என்று தோன்றும். போனவள்தான். நாலு வருடத்துக்கு முன்புவரை அந்த ஜன்னலோர இருக்கைக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது.

அப்போது அவளுடைய அக்காவும் அவர்களோடுதான் இருந்தார். தங்கையைவிடப் பதினாலு வயது மூத்தவர். தாயில்லாத தங்கைக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, கடைசியில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். வெளியே கிளம்புகிறவரிடம் "எங்கே" என்று கேட்கக் கூடாது என்று நம்மவர்கள் நாக்குக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள் அல்லவா? அக்காவும் கேட்க மாட்டார். "மாப்பிள்ளை, தூரமா?" என்பார். "பக்கம்தான்க்கா" என்பார் இவர். ஐந்து மணி நேரப் பயணமானாலும் அதே பதில்தான். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியாதபோது வேறென்ன சொல்வது? கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் சுலபம்.

அந்தச் சனிக்கிழமையும் "பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஆற்றங்கரையில் ஒரு சின்ன விடுதி கிடைத்தது. சுடச்சுட ரொட்டி, கோழிக் குழம்பு, வெளியே நல்ல மழை. "இருந்துட்டு நாளைக்குப் போலாங்க" என்று மனைவி ஆசையாகக் கேட்டாள். தங்கிவிட்டார்கள். இரண்டு போனும் சார்ஜ் இறங்கிச் செத்திருந்தன. அது ஒரு பெரிய விஷயமாக இருவருக்குமே படவில்லை.

வீட்டில் அன்று மாலை அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா வண்டி கூப்பிடப் பதறியபோது அக்கா கையமர்த்தியிருக்கிறார். "வேணாம்மா. அவங்க பக்கத்துலதான் போயிருக்காங்க. இதோ வந்துடுவாங்க. மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போவாரு." வாசல் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார். வெகு நேரம் பார்த்துவிட்டு, அவரைக் கேட்காமலே தையல்காரம்மா வண்டியை வரவழைத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மறுநாள் பகலில் இவர்கள் கையில் அக்காவுக்கான பார்சலோடு மாடி ஏறி வந்தார்கள்.

மனைவி அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "தங்கலாம்னு சொன்னது நான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். "பக்கம்னு சொன்னது நான்" என்றார் இவர். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

இரண்டு வருடம் அவர் எங்கும் போகவில்லை. சனி ஞாயிறுகளில் வீட்டில் இருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டினார். குழாயைக் கழற்றினார். ஓடிக்கொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றி ஓடாமல் செய்தார். ஒருநாள் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "வீட்டுல இருக்கறதெல்லாம் கழட்டியாச்சு. இனி என்னைத்தான் கழட்டணும். தயவுசெஞ்சு எங்கயாவது போயிட்டு வாங்க." அப்படித் தொடங்கியதுதான் இந்தத் தனிப் பயணமும் போனும் டப்பாவும். அவர் கிளம்பும் நேரத்தில் அவள் சமையலறைத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று எதையாவது கழுவிக்கொண்டிருப்பாள். "வரேன்" என்பார். "ம்" என்பாள். "தூரமா?" என்ற சொல்லே அந்த வீட்டில் இல்லாமல் போனது. பக்கத்து இருக்கையில் அவள் மறுபடி வந்து உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. ஆனால் கூப்பிட வாய் வரவில்லை.

போன மாதம் ஒரு பாலத்தடியில் தகரக் கொட்டகையைப் பார்த்து இறங்கினார். அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். "நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டதற்குத் தம்பி, "மீனுதான். இங்க வேற என்னங்க இருக்கு?" என்று சிரித்தான். ஒரு வாய் வைத்ததும் லிஃப்ட்காரர் போனை எடுத்துவிட்டார்.

"என்ன எண்ணெய்?" என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"எண்ணெய் மணம் இல்ல. இது வேற என்னமோ மணம்."

"மோந்து பாத்தீங்களா?"

"மூணு தடவை."

டப்பா வீட்டுக்கு வந்தது. அவள் ஒரு துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எப்போதும் போல உப்பையோ கருகலையோ குறை சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை எலுமிச்சைத் தோலைக் காயவைத்து அரைத்துப் பார்த்தாள். அதற்கடுத்த புதன், வெங்காயத் தோலைச் சுட்டுப் புகை பிடித்துப் பார்த்தாள். அந்தப் புகைக்கு எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாளியோடு ஓடிவந்ததுதான் மிச்சம். "நல்லாத்தானே இருக்கு" என்றார் இவர். "நல்லா இருக்கறது வேற, அதுவா இருக்கறது வேற" என்று எரிந்து விழுந்தாள். மூன்றாவது புதன் கரண்டியைத் தொப்பென்று போட்டுவிட்டு, "அங்கயே போயி அடுப்புக்குப் பக்கத்துல நின்னாத்தான் தெரியும்" என்று வாணலியிடம் சொன்னாள்.

லிஃப்ட்காரர் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். குழிக்குள் ஏதாவது சத்தம் கேட்டால் மூச்சைக்கூட விடாமல் நின்று கவனிப்பது அவர் தொழில். பேசினால் சத்தம் காதுக்குத் தப்பிவிடும். இறங்கிய ஊரில் மறுபடி இறங்குவதில்லையே என்றுகூட அன்று பேசவில்லை. வியாழன் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேன்" என்று சொல்லச் சமையலறை வாசலுக்கு வந்தார். அவள் வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காலில் செருப்பு இருந்தது. முப்பது வருடக் குடித்தனத்தில் அந்தச் சமையலறை காணாத காட்சி.

"என்ன நின்னு பாக்கறீங்க?" என்றாள் திரும்பாமலே. "கதவைப் பூட்ட வேணாமா?"

பூட்டினார். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தையல்காரம்மா பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தோஷத்தில் தன்னை மறந்துவிட்டார்.

"அட, ரெண்டு பேருமா! தூரமா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். லிஃப்ட்காரருக்குப் பழைய பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் தவிர வேறு பதில் அவருக்குப் பழக்கமும் இல்லை.

"தூரம்தான்க்கா" என்றாள் மனைவி. அதோடு நிறுத்தவில்லை. "நாலு மணி நேரம் ஆகும். பாலத்தடியில ஒரு மீன் கடை. நடுவுல எங்கயாவது நல்ல மணம் வந்தா இறங்கினாலும் இறங்கிடுவோம். எங்க இருந்தாலும் போன் பண்றேன். உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க. உடனே வண்டியைக் கூப்பிட்டுடுங்க."

தையல்காரம்மா தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையிலிருந்த நூல்தான் கிடைத்தது.

மனைவி இரண்டு படி இறங்கிவிட்டாள். பின்னால் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"என்னத்த மறந்தீங்க?"

"ஒண்ணும் மறக்கல" என்றபடி அவர் உள்ளே போனார். பைக்குள் கையை விட்டு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். அதைச் சமையலறை அலமாரியில் அதன் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினார்.