சத்தம் செத்த தட்டுகள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், மிளகு காயவைக்கும் களத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. என் டிரம் செட்டில் மிஞ்சியது அதில்தான் கிடக்கிறது. காலால் அடிக்கும் பெரிய டிரம் ஒன்று, ஸ்நேர் என்னும் சின்ன டிரம் ஒன்று, குச்சியால் அடிக்கும் வெண்கலத் தட்டு ஒன்று. ஒரு காலத்தில் இதே செட்டைப் பிரித்து ஏற்ற மினி லாரி வேண்டியிருந்தது. மெட்டல் என்னும் அதிரடி ராக் இசை வாசித்தவர்கள் தங்கள் செட் வளர்ந்த கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; நான் பெரக்கரை நாட்டுக்காரன். மலையிறங்கிப் போய் இயற்பியல் படித்தேன். பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஒலியியல் நடத்தினேன். சனி ஞாயிறுகளில் ஒரு மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். என் மனைவியும் இதே மலையில் மரவள்ளியும் மிளகும் போடும் குடும்பத்துப் பெண். எங்கள் இசை அவளுக்குப் பிடித்ததா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

முதல் செட் ஒரு கல்யாணக் கச்சேரிக்காரரிடம் வாங்கிய பழையது. மெட்டலுக்குப் பெரிய டிரம்மின் அடி ஆணி அடித்தாற்போல் நறுக்கென்று விழ வேண்டும். அது 'தொம்' என்று இழுத்தது. அதிர்வை அடக்க உள்ளே தலையணை வைப்பது எங்கள் வழக்கம். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து வைத்தேன். சில வருடங்களில் வேகம் கூடியது. ஒரே டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க இரட்டைப் பெடல் வாங்கினேன். அதுவும் போதாமல் இரண்டாவது பெரிய டிரம் வந்த அன்று அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னொண்ணுங்களா? அப்ப இந்தத் தடவ உங்க தலையணையக் கொண்டாங்க" என்றாள்.

அன்று நன்றாகச் சிரித்தோம்.

அதன் பிறகு வளர்ந்ததெல்லாம் தட்டுகள். எங்கள் பேச்சில் தட்டு 'செத்துப்போகும்'. வியர்வையும் தூசியும் ஏறி, ஓயாமல் அடிபட்டு, மினுமினுப்பான ஓசை மங்கிவிடும் என்பார்கள். என் தட்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வந்தன. எலுமிச்சை தேய்த்துக் கழுவிப் பார்த்தேன். பிறகு கூர்மையான ஓசையுள்ளதாக, கனமானதாக, பெரியதாக வாங்கினேன். அதுவும் மங்கியது. அதைவிடக் கூர்மையானது வாங்கினேன். கழுத்துக்கு வலப்புறம், இடப்புறம், தலைக்கு மேல் என்று தட்டுகள் சூழ்ந்துகொண்டன. எங்கள் கிட்டார்க்காரர் மேடையில் என் பக்கம் நிற்பதை விட்டுவிட்டார். "இது தட்டா, மர மில்லு ரம்பமா சார்?" என்று ஒருநாள் கேட்டார். அவருக்கு வயதாகிவிட்டது என்று மற்றவர்களிடம் கேலி பேசினேன்.

செத்ததென்று நான் கழித்த தட்டு ஒன்றை ஓர் இளைஞர் வாங்கிப்போனார். பிறகு பார்த்தபோது, "ஓசை என்னமா மின்னுது சார், இதைப் போய் எப்படிக் கொடுத்தீங்க?" என்றார். பாவம், இவருக்குக் காது பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓயாத பேரொலியில் காது முதலில் இழப்பது கீச்சென்ற உச்ச ஸ்தாயி ஓசைகளைத்தான் என்று வகுப்பில் வருடாவருடம் நடத்தினேன். கேட்கும் திறனைக் காட்டும் கோடு எந்த இடத்தில் சரியும் என்று கரும்பலகையில் வரைந்தும் காட்டினேன். காதடைப்பான் வைத்து ஒருமுறை வாசித்தேன். கம்பளிக்குள் உட்கார்ந்து அடிப்பது போலிருந்தது. கழற்றி எறிந்தேன். தட்டு சாகவில்லை, சாவது என் காது என்பது, அந்தப் படத்தை வரைந்த எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். தோன்றியதை நான் பார்க்கவில்லை.

வீட்டில் இதன் வடிவம் வேறு. அவள் பேசுவது தெளிவில்லாமல் போனது. மெல்லிய குரல் அவளுக்கு. "வாயைத் திறந்து பேசு" என்பேன். விருந்தாளிகள் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒருக்கா காதக் காட்டிட்டு வந்திரலாமுங்களா?"

"என் காதுக்கு என்ன? மேடையில ஊசி விழுந்தாக்கூடக் கேக்குது. நீதான் முணுமுணுக்கிற."

அவள் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. சில காலம் உரக்கப் பேசிப் பார்த்தாள். அப்போது ஏன் கத்துகிறாய் என்று கோபித்தேன். மெல்ல மெல்லப் பேச்சைத் தேவைக்குக் குறைத்துக்கொண்டாள். நான் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். அவள் உதடு அசைந்து நின்றதும், முகம் கேள்விபோல் இருந்தால், "ம், சரி" என்பேன். குழம்பு ஊற்றட்டுமா, விளக்கை அணைக்கட்டுமா என்பதற்கெல்லாம் அந்த விடை பெரும்பாலும் பொருந்திவிடும்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பினோம். மலையடிவாரத்துக் காரவள்ளியில் டீ குடிக்க நிறுத்தியபோது, செட்டை ஏற்றிவந்த லாரி டிரைவர் டிரம்களைக் காட்டி, மேலே எந்தக் கோயிலில் விசேஷம் என்று விசாரித்தார். அவள்தான் பதில் சொன்னாள். என்ன சொன்னாளோ, அவர் மேலே வந்து சேரும்வரை என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். வந்த முதல் வாரம் அவளிடம் குறைபட்டேன், சின்ன வயதில் காதைத் துளைத்த சில்வண்டெல்லாம் மருந்தடித்து அழிந்துவிட்டது போலிருக்கிறது, மலையே ஊமையாகிவிட்டது என்று. அவள் களத்தில் மிளகு துழாவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி வெகுநேரம் என்னையே பார்த்தாள்.

அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது அதற்கடுத்த மழைக்காலத்தில். மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளுடைய தங்கை கூட இருந்தாள். நோய் தீராது என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது. குரல் இன்னும் மெலிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உதடு அசைந்து நின்றது. முகம் கேள்விபோல் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

"ம், சரி" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. தண்ணீரோ, போர்வையோ கேட்டிருப்பாள், தங்கை பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மறுநாள் இட்லி வாங்கிக்கொண்டு போனபோது தலை வாரி உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் ஒரு பை இருந்தது. டாக்டர் இன்னொரு பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். வலி என்று நினைத்தேன். அந்த வாரமே போய்விட்டாள். வளைவு வளைவாக ஏறிய ஆம்புலன்சில்தான் அவளை மலைக்குக் கொண்டுவந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் தங்கை கேட்டாள். என் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திக் கேட்டதால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"ஏனுங்க மாமா, அன்னிக்கு அக்கா ஊட்டுக்குப் போயிரலாமுங்களான்னு கேட்டதுக்கு நீங்க சரின்னீங்களே. ராத்திரியெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தா, மாமா ஒத்துக்கிட்டாரு, நாளைக்கு ஊட்டுக்குப் போறோம்னு. அப்பறம் ஏனுங்க?"

எனக்குக் கேட்கவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. நல்லாக் கேட்குது என்று நான் சொல்லிவந்ததைத்தானே அவர்கள் எல்லோரும் நம்பியிருந்தார்கள்? என் மனைவியும் அப்படி நம்பித்தான் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கேட்டு, சரி சொல்லி, பிறகு மாற்றிவிட்டேன் என்று. இல்லை, எனக்குக் கேட்கவில்லை என்று புரிந்தும், இனிச் சொல்லிப் பயனில்லை என்று விட்டாளா? இரண்டில் எது என்று யாரிடமும் கேட்க முடியாது.

பிறகுதான் காதைக் காட்டினேன். பரிசோதனைத் தாளில் நான் கரும்பலகையில் வரைந்த அதே சரிவு இருந்தது. காதுக் கருவி மாட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வளைவுகளில் ஏற ஏறச் சில்வண்டுகள் காதைப் பிய்த்தன.

கொட்டகைக்குப் போய், கடைசியாக வாங்கிய தட்டில் குச்சியால் ஒருமுறை அடித்தேன். பல்லெல்லாம் கூசியது. உடனே கையால் பிடித்து நிறுத்தினேன். இந்தச் சத்தத்தோடு அவள் ஒரே வீட்டில் சமைத்தாள், தூங்கினாள். மற்ற தட்டுகளையும் இரண்டாவது டிரம்மையும் கொடுத்துவிட்டேன். பழைய டிரம்மின் தோலைக் கழற்றிப் பார்த்தேன். அவள் தலையணை உள்ளேயே இருந்தது, ஒரு பக்கம் அடிவாங்கிக் குழிந்து. எடுத்து வெயிலில் போட்டேன். சாயங்காலம் திரும்பவும் உள்ளே வைத்து மூடிவிட்டேன். வேறு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.