அத்தைக்குக் கோப்பை, எனக்குத் தட்டு

எங்கள் அத்தை அழகி என்பது திருப்பதி சொல்லித்தான் எங்கள் ஊருக்குத் தெரியும். அதுவரை அவளுக்கு ஊரில் இருந்த பெயர் கரிச்சட்டி.

அத்தை என் நைனாவின் தங்கை. விஜயபுரத்துப் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கினால்தான் அன்றைக்கு அடுப்பில் களி. அத்தை அப்படிப் பிடுங்கிக்கொண்டே, பள்ளிக்கூட வாசப்படிக்கு வெளியே உட்கார்ந்து எட்டாவது முடித்து, சித்தூரில் வாத்தியார் பயிற்சிக்குப் போனவள்.

அந்த வருஷம் திருப்பதியில் பொருட்காட்சி போட்டார்கள். அதில் அழகிப் போட்டி என்று ஒன்று. கூடப் படித்த பெண்கள் வேடிக்கைக்காக அத்தையின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு கொழுக்கட்டை மாதிரி வரிசையில் நிற்க, அத்தை ஹாஸ்டல் வெள்ளைப் புடவையோடு நின்றாளாம். பக்கத்துப் பெண்ணிடம் கொஞ்சம் பவுடர் கேட்டதற்கு, "உனக்குப் பூசினா டப்பாவே தீந்துடும்" என்றாளாம் அவள். நடுவர் ஒருவர் முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார். அத்தையும் தெலுங்கிலேயே, "வேர்க்கடலைக் கொல்லை வெயில். நீங்களும் ஒரு நாள் வாங்க, பூசியும் விடுவாங்க, கூலியும் குடுப்பாங்க" என்று சொல்ல, கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியதாம். கோப்பை அத்தைக்கு. கருப்பே அழகு, காந்தலே ருசி என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? சொல்வார்கள், பெண் பார்க்கப் போகும்போது மட்டும் மறந்துவிடுவார்கள்.

அப்போது ஆந்திர ராஜ்யம் பிறந்து ரொம்ப நாள் ஆகவில்லை. எல்லையை எங்கே போடுவது, எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று ஒரே இழுபறி. ஊரை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது அத்தையையும் இழுத்தார்கள். ஒரு கட்சி "எங்க தமிழ்ப் பொண்ணு" என்றது. இன்னொரு கட்சி அதையே தெலுங்கில் "மன பில்ல", நம்ம பொண்ணு, என்றது. அதுவரை எங்கள் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்தான் இரண்டு பேரும்.

"சும்மா கெடந்த சங்க ஊத ஒரு ஆண்டிக்கு ரெண்டு ஆண்டி வந்துக்கீறான்" என்றாள் அம்மா.

ஊர்த் தலைவர் சாமர்த்தியசாலி. இரண்டு கட்சியையும் ஒரே நாளில் வரவழைத்தார். தன் சொந்த மாட்டு வண்டியைக் கொடுத்து, அத்தையை ஊர்த் தெரு வழியாக ஊர்வலமாக அழைத்துவந்து, வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுப்பது என்று முடிவு செய்தார். எங்கள் தெருவிலிருந்து ஒருவர் ஊர்த் தெருவில் வண்டியில் உட்கார்ந்து போவது அதுதான் முதல் தடவை.

அன்று காலையில் அம்மா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. அங்க ஆலாத்தி எடுத்து வெப்பாங்க இல்ல? நெத்தி காலியாவே இருக்கட்டும்."

"வெறும் நெத்தியோட போவாதே பாப்பா."

"போறப்பதான் வெறும் நெத்தி. வரும்போது பாரு, எடமே இருக்காது."

அம்மா சிமிழை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்கு எட்டு வயது. அழுது அடம்பிடித்து வண்டியில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நைனா முன்னால் நடந்தார். அன்றைக்கென்று புதுச் செருப்பு வாங்கியிருந்தார். ஊர்த் தெரு முனை வந்ததும் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். புதுசு, தேய்ந்துவிடும் என்று கழற்றுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் வீட்டில் ஒரு அம்மாள் தட்டைச் சுற்றினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செந்தண்ணீர் தளும்பியது. எங்கள் தெருவில் ஆரத்தி எடுத்தால், அந்தத் தண்ணீரில் விரலைத் தொட்டு நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தெருவில் கொட்டுவார்கள். அத்தை நெற்றியைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். அந்த அம்மாள் சுற்றிய கையோடு தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவதிலும். ஒவ்வொரு வீட்டிலும் அத்தை குனிந்து குனிந்து நிமிர்ந்தாள்.

"அத்தே, ஏன் யாரும் பொட்டே வெக்கல?"

அத்தை கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, "வண்டி ஒசரம்டி குட்டி. அவுங்களுக்கு எட்டாது" என்றாள். அப்புறம் அவள் குனியவில்லை.

கடைசி வீடு தலைவர் வீடு. வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் மாலையும் கையுமாக நின்றார்கள். தலைவர் சம்சாரம் பெரிய பித்தளைத் தட்டை எடுத்துவந்து மூன்று சுற்றுச் சுற்றினாள். தட்டு என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து வந்து போனது. இதை விட்டால் வேறு வீடு இல்லை. அவளுக்குத்தானே எட்டவில்லை, எனக்கு எட்டுகிறதே!

வண்டிக் கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, தட்டில் விரலை விட்டேன். அத்தை நெற்றியில் நாலணா அகலத்துக்கு ஒரு பொட்டு. அது மூக்கு வரைக்கும் வழிந்தது.

மேளம் நின்றது.

"அய்யய்யோ, கைய உட்டுட்டாளே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். தலைவர் சம்சாரம் தட்டைத் தூக்கியபடியே நின்றாள். கொட்டவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. நைனா திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. வண்டிக்குப் பின்னால் நடந்துவந்த அம்மா ஓடிவந்து என்னை இழுத்து இறக்கி முதுகில் நாலு போட்டாள்.

"அண்ணி, அவள அடிக்காதே" என்றாள் அத்தை. அன்றைக்கு அவள் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான். "இன்னொரு அடி உழுந்தா நானும் எறங்கிடுவேன்."

தலைவர் வந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "சின்னப் புள்ள, ஆசையில செஞ்சிடுச்சி. இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லி, சம்சாரத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் தண்ணீரைக் கொட்டினாள். தட்டை என் காலடியில் மண்ணில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றாள்.

"எட்த்துக்கினு போ, குட்டி. உனக்குத்தான்."

குனிந்து எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் பரிசு கொடுத்தால் கும்பிட வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். கும்பிட்டேன். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். எல்லை விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எதிரே அம்மா அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பரிசு கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தட்டைக் கூரைமேல் எறியப் போனாள். அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள். "அது அவ பரிசு அண்ணி. எனக்குக் களிய அதுலயே போடு." அன்று அத்தை அந்தத் தட்டில்தான் தின்றாள். வழிந்த பொட்டைத் துடைக்கவே இல்லை. அம்மாவின் இடுப்பிலிருந்த சிமிழ் அப்படியே இருந்தது.

அப்புறம் எல்லை போட்டார்கள்; எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அத்தை ரேணிகுண்டா பக்கம் வாத்தியாரம்மா ஆனாள். லீவுக்கு வந்தால் அந்தத் தட்டைத்தான் கேட்பாள். கோப்பை எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நானோ அன்றிலிருந்தே அத்தைக்குக் கோப்பை, எனக்குத் தட்டு என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் தலைவர் மகளிடமே, "உங்கம்மா எனக்குத் தட்டு குட்த்தாங்களே, உனக்குக் குட்த்தாங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் எட்டு வயதுதான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பொங்கல் வந்தது. நல்ல நாளும் அதுவுமாக அவர்கள் வீட்டில் ஆரத்திக்குத் தட்டு இல்லாமல் என்ன செய்வார்கள்? புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து எடுத்துக்கொண்டு, "திருப்பிக் குட்த்துட்டு வரட்டுமா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "வாங்க மாட்டாங்கடி" என்றாள்.

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.