தூண் நின்ற இடம்

அவரை எல்லோரும் தூண் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வங்கிக்காரர்களுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் பயன்பட்டது. கூடைப்பந்தை விட்ட பிறகு ஒரு மரச்சாமான் கடையின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். மேல்தட்டில் இருக்கும் பெட்டிகளை எக்காமல், எம்பாமல் எடுத்துக் கொடுப்பார். "இவர் வந்ததுல இருந்து எங்க ஏணிக்கு லீவு" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தூணும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நிறைந்த அரங்கில் ஆடிய மனிதரை ஏணிக்குப் பதிலாக வைத்திருக்கிறார்கள், இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வராது. அதுதான் அந்த மனிதரிடம் இருந்த கோளாறு.

அவர் ஆடியது என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்தில் ஸ்கிரீன் என்று ஒன்று உண்டு. பந்து வைத்திருப்பவனை எதிரணிக்காரன் ஒருவன் துரத்திக்கொண்டு வருவான். அவன் ஓடிவரும் வழியில் நம்மாள் ஒருவர் போய்ச் சுவர் மாதிரி நிற்க வேண்டும். துரத்துகிறவன் அந்தச் சுவரில் மோதி நின்றுபோவான். பந்து வைத்திருப்பவன் ஜம்மென்று போய்க் கூடையில் போட்டுவிட்டு வருவான். மோதுகிற நேரத்தில் சுவர் அசைந்தால் தவறு, நடுவர் விசில் ஊதிவிடுவார். ஆக, ஒருத்தன் காட்டுத்தனமாக ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே, கைகளை மார்பில் மடக்கி வைத்துக்கொண்டு, விலகாமல் நின்று அடி வாங்க வேண்டும். தூணுக்குச் சம்பளமே அதற்குத்தான்.

அதைப் பழக்கிய பயிற்சியாளர் ஒரு ராட்சசன். தூணின் இரண்டு ஷூக்களையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். அணிக்காரர்களை ஒவ்வொருவராக ஓடிவந்து மோதச் சொல்வார். ஷூ கோட்டைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. "கண்ணை மூடாதடா எருமை! வர்றவன் மூஞ்சியைப் பாரு!" என்று கத்துவார். அடி வருகிறது என்றால் ஒதுங்கிக்கொள்ளும் புத்தி ஆடு மாட்டுக்குக்கூட உண்டு. அந்தப் புத்தியைத் தூணிடமிருந்து துடைத்து எடுத்துவிட்டார்கள்.

யாருக்காக அப்படி நின்றார்? மின்னலுக்காக. குள்ளமான, துடியான ஆள்; பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் மின்னல். அவன் முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால் தூண் ஓடிவந்து நிற்க வேண்டும். ('அவர்' என்று போட எனக்கு மனசு வரவில்லை, மன்னியுங்கள்.) மறுநாள் பேப்பரில் மின்னல் எம்பிக் குதிக்கும் படம் வரும். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கையோ பாதி முதுகோ தெரியும். "இது நான்தான்" என்று தூண் மனைவியிடம் காட்டுவார். "ஆமா, முதுகைப் பார்த்தாலே தெரியுது" என்பாள் அவள்.

இப்படி நின்று நின்று விலா உடைந்தது, மூக்கு கோணியது, கடைசியில் வலது முழங்கால் போனது. வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு ஆடவிட்டார்கள். ஊசிக்கும் அடங்காமல் போனதும் லாக்கரைக் காலி பண்ணச் சொன்னார்கள். வழியனுப்ப ஒரு ஆள் வரவில்லை. காவலாளி மட்டும் கேட்டைத் திறந்துவிட்டு, "பார்த்துப் போங்க சார், மேல இடிக்கும்" என்றாராம்.

மின்னல், அவர்கள் ஆடிய அதே கிளப்புக்கு மேலாளரானான். அவன் ஒருநாள் கிடங்குக்கே வந்து நின்றபோது தூணுக்குத் தலைகால் புரியவில்லை.

"டேய் தூணு! ஜூனியர் பசங்களுக்கு கோச் தேடறோம். நான் உன் பேரைத்தான் சொன்னேன்" என்றான் மின்னல். "கமிட்டி ஆளுங்க ஒரே ஒரு விஷயம் கேக்கறாங்க. ஆளு திடமா இருக்காரான்னு. ஞாயித்துக்கிழமை பழைய ஆட்டக்காரங்க மேட்ச் இருக்கு. வந்து ஆடு. நொண்டாம ஆடினா வேலை உனக்குத்தான்."

"கண்டிப்பா வர்றேன்" என்றார் தூண். கையில் தூக்கி வைத்திருந்த அலமாரிக் கதவை இறக்கி வைக்கக்கூட மறந்துபோனார்.

அவருடைய மனைவி தையற்கடை வைத்திருந்தாள். அவருக்கு அளவான காற்சட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால் தொடங்கிய தையல், பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் மிஷினை நிறுத்தினாள்.

"டாக்டர் என்ன சொன்னார்? இன்னொரு அடி பட்டா அந்தக் கால் கால் இல்லைன்னார். மறந்துபோச்சா?"

"விளையாட்டு மேட்ச்தானம்மா. எல்லாரும் தொப்பையும் தொந்தியுமா வருவாங்க. யாரு மோதப் போறா?"

"அவன் உங்க தலையில மிளகா அரைக்கறான். அன்னைக்கும் அரைச்சான், இன்னைக்கும் அரைக்கறான். நீங்களும் குனிஞ்சு குடுக்கறீங்க."

"கிடங்குல எத்தனை நாளைக்கு நான் பெட்டி இறக்கறது? எனக்குத் தெரிஞ்சது ஆட்டம் ஒண்ணுதான். கோச் ஆயிட்டா நானும் மனுஷன்னு தலைநிமிர்ந்து நடப்பேன். இந்த ஒரு தடவை."

அவள் மிஷினை மறுபடி ஓட்டினாள். முழங்காலில் கட்டும் பட்டை வெளியே தெரியாதபடி காற்சட்டையை நீளமாகத் தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு மதியம் அரங்கில் நல்ல கூட்டம். கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியில் தூண் நொண்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். பந்தை மேலேயே பிடித்துப் பிடித்துக் கொடுத்தார். எதிரணியில் புல்டோசர் என்று ஒருவன், அந்தக் காலத்திலேயே தடியன், இப்போது இரண்டு மடங்கு. அவனையே ஒருமுறை தடுத்துவிட்டார். கமிட்டிக்காரர் ஒருவர் கைதட்டியதைத் தூண் ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை, மேலே உட்கார்ந்திருந்த மனைவி பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இடைவேளையில் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில் தொங்க ஒரு வாலிபன் வந்து கையைக் கொடுத்தான்.

"சார், வணக்கம். நான்தான் ஜூனியருக்குப் புது கோச். போன வாரம்தான் சேர்ந்தேன். மாமா உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கார்."

"எந்த மாமா?"

"மின்னல் மாமாதான். எங்க அம்மாவோட தம்பி. ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமா சார்?"

ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். பையன்மேல் குற்றமில்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. தூண் எழுந்து போய், கண்ணாடி முன்னால் தலைசீவிக்கொண்டிருந்த மின்னலிடம் கேட்டார். மின்னல் துளிக்கூட வெட்கப்படவில்லை.

"குடும்பத்துல ஒரு பையன் சும்மா சுத்தினா நான் என்னடா பண்றது? நீயும் நானும் சேர்ந்து ஆடினாதான் டிக்கெட் போகும்னு கமிட்டியில சொன்னாங்க, அதான் கூப்பிட்டேன். உன்னை நான் விட்ருவேனா? உனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். நம்ம கிளப் சின்னம் ஒட்டகச்சிவிங்கி இல்லையா? அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு குழந்தைகளுக்குக் கைகொடுக்கணும். குட்டையா இருக்கறவங்களுக்கு அது தொளதொளன்னு தொங்குது. உனக்குக் கச்சிதமா இருக்கும்."

வாழ்நாளில் முதல் தடவையாகத் தூணுக்குக் கோபம் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதும் உடனே தெரிந்துவிட்டது. மின்னல் முஷ்டியைத் தூக்குவான். தூக்காமல் அவனுக்கு ஆடத் தெரியாது. அப்போது போய் நிற்பது மாதிரி நின்று, கடைசி நொடியில் ஒரே ஓர் அடி விலகிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். வருகிற புல்டோசர் நேராக மின்னல் மேல் போய் ஏறுவான். சீவிய தலையும் சிரித்த வாயும் தரையில் கிடக்கும். கமிட்டி பார்க்கட்டும், ஊர் பார்க்கட்டும். ஒரே ஓர் அடி. நினைக்க நினைக்க அவருக்கு இனித்தது.

இரண்டாம் பாதி முடியும் தறுவாயில் இரண்டு அணியும் சமம். பந்து மின்னலிடம். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கூவியது. அவன் முஷ்டியை உயர்த்தினான்.

தூண் போய் நின்றார். மின்னல் அவர் தோளை உரசிக்கொண்டு வளைந்து போனான். பின்னாலேயே புல்டோசர் தலையைத் திருப்பி, பந்தையே பார்த்துக்கொண்டு ஓடிவந்தான். முன்னால் ஸ்கிரீன் இருக்கிறது என்று அவனுடைய ஆட்கள் யாராவது குரல் கொடுக்க வேண்டும். அதுதான் ஆட்டத்தில் முறை. கிழடுதட்டிப்போன அவர்கள் மூச்சு வாங்கவே நேரம் போதாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவனும் கத்தவில்லை.

இப்போது விலகு, என்று தூண் தனக்குச் சொல்லிக்கொண்டார். விலகுடா. தலை சொன்னது, கோபம் சொன்னது, உடைந்த விலாக்களெல்லாம் சொல்லின. கால் கேட்கவில்லை. கைகள் தாமாக மார்புக்கு ஏறி மடங்கின. கண் மூடவில்லை. புல்டோசர் திரும்பிப் பார்த்து, "ஐயோ!" என்று அலறிய வாய்க்குள் பல் கட்டியிருப்பதுகூட அவருக்குத் தெரிந்தது. அப்படியும் கால் நகரவில்லை.

மோதிய சத்தம் மேல்வரிசை வரை கேட்டது. மின்னல் தனியாகப் போய், குழந்தை விளையாடுவது போலப் பந்தைக் கூடையில் போட்டான். அரங்கமே எழுந்து ஆடியது. தூண் மல்லாந்து கிடந்தார். வலது கால் ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

மனைவி யார் யாரையோ மிதித்துக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தாள். வாய் நிறைய வசவு வைத்திருந்தாள், புருஷனுக்கும் சேர்த்து. அவள் வந்து மண்டியிட்ட அதே நேரத்தில் மின்னலும் அந்தப் பக்கமாக ஓடினான். போகிற போக்கில் குனிந்து தூணின் தோளைத் தட்டினான்.

"சூப்பர்டா! அந்தக் காலம் மாதிரியே!"

தூணின் உதடு வெளுத்திருந்தது. வலியில் கண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அந்த முகத்தில், பாழாய்ப்போன அந்த முகத்தில், ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லா நின்னேனா?" என்று கேட்டார்.

மின்னலுக்கு அது காதில் விழவில்லை. அவன் கேமராக்காரர்களைப் பார்த்துப் போய்விட்டான். விழுந்தது அவளுக்கு மட்டும்தான். கணவர் அவள் முகத்தையே பார்த்தார், பதிலுக்குக் காத்துக்கொண்டு. வைத்திருந்த வசவையெல்லாம் அவள் விழுங்கினாள்.

"நல்லா நின்னீங்க" என்றாள். "கொஞ்சம்கூட அசையல."