நரியைக் கூப்பிட்ட வாய்

இந்த நாட்டில் நரியைத் துரத்துவதில்லை, கூப்பிடுகிறார்கள். மடித்த தகரத்துண்டு ஒன்று, நடுவே ஓட்டை. உதட்டுக்கிடையில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் அடிபட்ட முயல் கத்துவது போலச் சத்தம் வரும். சுலபமான சாப்பாடு என்று நரி ஓடி வரும், மறைந்திருப்பவன் சுடுவான். எழுபத்தைந்தாம் ஆண்டு, மெல்பேர்னுக்கு வடக்கே ஒரு வெட்டவெளியில், காற்று முகத்தில் அடிக்கக் குந்தியிருந்து, தகரமே இல்லாமல் அந்தச் சத்தத்தை நான் வாயால் எழுப்பினேன். பக்கத்தில் துவக்கோடு எங்கள் தொழிற்சாலை ஃபோர்மன் கொலின். நரி வந்து நின்று எங்களைத் தேடியது, விழுந்தது. "குட் ஆன் யூ, மேட்!" என்று கொலின் முதுகில் தட்டினான்.

எனக்கு அந்த வேலை அருவருப்பு. நான் சைவம். ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமை தவறாமல் போனேன். கொழும்பில் எட்டு வருடம் இயந்திரப் படவரைஞராக இருந்தவன் இங்கே இரும்பில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். படம் வரையும் பகுதியில் ஓர் இடம் காலியாகவிருந்தது. அதில் கொலின் சொன்னால் சொன்னதுதான். எங்கள் யாழ்ப்பாணத்தில் வேலையை வாய்விட்டுக் கேட்பது இழுக்கு. கூட நின்று, குறிப்பறிந்து நடந்தால், பெரியவரே ஒருநாள் "தம்பி, உன்ர விஷயம் என்ன மாதிரி?" என்று கேட்பார். கொலினும் கேட்பான் என்று காத்திருந்தேன். என்ன மடத்தனம்!

வந்து மூன்று மாதமான ஒரு ஸ்கொட்லாந்துக்காரனுக்கு அந்த இடம் போனது. ஏன் எனக்கில்லை என்று கொலினிடம் போய் நின்றேன். அவன் உண்மையாகவே திகைத்தான். "அவன் கேட்டான், கொடுத்தேன். உனக்கு வேண்டுமென்று நீ சொல்லவே இல்லையே, மேட்? வேட்டை பிடித்துத்தான் வருகிறாய் என்றல்லவா நினைத்தேன்" என்றான்.

வீட்டில் மனைவி குசினிக்குள் சமைத்தபடியே சொன்னாள்: "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீங்கள் உங்களுக்கு அழாமல் முயலுக்கெல்லே அழுதிருக்கிறியள்."

பிறகு கேட்கப் பழகினேன். லீவு கேட்டேன், சம்பள உயர்வு கேட்டேன், வெட்கம் மெல்ல மெல்ல விட்டது. மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போனபோது தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து, தேத்தண்ணி குடித்து, மழையையும் வெங்காயத்தையும் பற்றிக் கதைத்தார்கள். பொறுக்க முடியவில்லை. "உங்களுக்குப் பொம்பிளையைப் பிடிச்சிருக்கோ, இல்லையோ?" என்று கேட்டேவிட்டேன். அவர்கள் இருந்த கதிரைகள் பின்னால் நகர்ந்தன. "சரி, நாங்கள் போட்டு வாறம்" என்று எழும்பினார்கள். திரும்பி வரவில்லை.

"கூச்சத்தை வெள்ளைக்காரனுக்கு வித்துப்போட்டு வந்திட்டான்" என்றார் மாமா. நான் விமானம் ஏறும்வரை தங்கை என்னோடு பேசவில்லை.

மெல்பேர்னில், நோபல் பார்க் வீட்டில் இப்போது அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கத்தைய ஆளாக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்பதா, அங்கத்தைய ஆளாக அவளே விளங்கிக்கொள்ளட்டும் என்று சுகம் மட்டும் விசாரிப்பதா? நீல ஏர்மெயில் தாளில் அவளுடைய பெயருக்குக் கீழே இன்னும் ஒன்றும் இல்லை.