சாருக்காக ஒளித்து வைத்த வாளிகள்

எங்கள் அந்தமான் தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. குறை சொல்ல எம்.எல்.ஏ. யாரும் இல்லை, இருப்பது ஒரே ஓர் எம்.பி., அவரும் பாதி நாள் டெல்லியில். லாங் ஐலண்டில் எங்கள் பன்னிரண்டு வீட்டு மர லைன் உளுத்துக் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், அம்மா அந்த ஒருவரைத்தான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எங்களைப் போன்றவர்கள் கொடுக்க முடிகிற வாடகையில் அரசாங்கம் சின்ன வீடுகள் கட்டித் தர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. போட்டில் போர்ட் பிளேர் போகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு மனுவைத் திணிப்பாள். திங்கட்கிழமை தவறாமல் போட் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போய், அங்கே மட்டும் கிடைக்கிற சிக்னலில் எம்.பி. ஆபீஸுக்குப் போன் அடிப்பாள். "லாங் ஐலண்ட் ஸே போல்தீ ஹூம் ஸாப், கர் கா பாத்" என்று, லாங் ஐலண்டிலிருந்து பேசுகிறேன் சார், வீட்டு விஷயம் என்பதை அவள் தமிழ் வாசனை வீசும் ஹிந்தியில் ஆரம்பித்ததுமே எதிர்முனையில் குரலைக் கண்டுகொள்வார்களாம். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "உன் மனுவுலதான் அவங்க சமோசா மடிக்கிறாங்க" என்பார்.

இரண்டு வருஷம் கழித்து, ஆபீஸிலிருந்து ஒரு சார் வருவதாகப் பதில் வந்தது. எங்கள் வீட்டைப் பார்த்து அவர் எழுதும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் லைன் முழுவதற்கும் முடிவு.

அவர் வந்தது நல்ல மழைக்காலத்தில். அம்மா காலையிலேயே ஜெட்டிக்குப் போய்விட்டாள். "பெரிய மனுஷர் வராரு, வீடு இந்தக் கோலத்துலயா இருக்கிறது?" என்று சித்திதான் தொடங்கி வைத்தாள். அப்புறம் லைனே கிளம்பிவிட்டது. கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த புது நீலத் தார்ப்பாயை ஆண்கள் கூரைமேல் இழுத்துக் கட்டினார்கள். பக்கத்து வீட்டு பெங்காலி தீதி, உளுத்த சுவரை மறைக்கத் தன் பூப்போட்ட பெட்ஷீட்டைக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி வந்தது. ஒழுகும் இடங்களில் இருந்த ஐந்து வாளிகளையும் கட்டிலுக்கடியில் தள்ளியது நான். எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு இவ்வளவு அழகா என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

அம்மா சாரோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளியே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சார் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"அச்சா கர் ஹை. பஹுத் ஸாஃப்" என்றார். நல்ல வீடு, ரொம்பச் சுத்தம்.

"ஆஜ் ஹீ ஐஸா ஹை, ஸாப்" என்றாள் அம்மா. இன்றைக்கு மட்டும்தான் இப்படி. அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே எழுதினார்.

அம்மா வாளியை இழுக்கக் கட்டில் பக்கம் குனிந்தாள். மானம் போகுமே என்று நான் பதறிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, குதிகாலால் வாளிகளை உள்ளே தள்ளினேன். அம்மா என்னையே பார்த்தாள். வாசலில் தீதி முதல் சித்திவரை எல்லோரும் மலர்ந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவள் மெல்ல நிமிர்ந்தாள். போட் ஹாரன் கேட்டதும் சார் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் தார்ப்பாயை அவிழ்த்துப் போனார்கள். அம்மா வாளிகளை எடுத்து ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்தாள்.

"சாருக்கு நம்ம வீடு பிடிச்சிருந்துச்சுல்லம்மா?"

"ம். ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

பிறகு என் தலையைத் தடவிவிட்டு, "திங்கக்கிழமை மறுபடி பேசணும்" என்றாள். நன்றி சொல்லத்தான் பேசப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.